கையை அடிக்காதீர்கள், கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள்

வாசகி கேள்வி:

எனக்கு வயது 27. பழைய வண்ணாரப்பேட்டையில் அம்மா, தம்பியோடு இருக்கிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. பத்தாம் வகுப்பில் முகத்தில் பரு வந்தபோது கிள்ள ஆரம்பித்தேன். பரு போய்விட்டது, கிள்ளுவது போகவில்லை. இப்போது கை, தோள்பட்டை, தலை என்று எங்கே சொரசொரப்பாகத் தட்டுப்பட்டாலும் விரல் அங்கே போய்விடுகிறது. காய்ந்த பக்கைப் பிய்க்கிறேன், ரத்தம் வருகிறது, மறுபடி பக்குக் கட்டுகிறது, மறுபடி பிய்க்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றால் ஒரு மணி நேரம் போவதே தெரிவதில்லை. சில சமயம் ஊக்கால் குத்தியும் எடுக்கிறேன். முடிந்ததும் அழுகை வருகிறது. சித்திரை வெயிலிலும் முழுக்கைதான் போடுகிறேன். அம்மா ‘நோண்டாதே’ என்று கையிலேயே அடிக்கிறார். மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தந்தார். போட்டால் நன்றாக இருக்கிறது, நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது. பக்கத்து வீட்டு அக்கா ‘இப்படியே விட்டால் கீழ்ப்பாக்கம்தான்’ என்கிறார். தம்பி நகம் கடிக்கிறான். பெரியம்மா மகளின் ஏழு வயதுப் பெண் தலைமுடியைப் பிடுங்குகிறாள். எங்கள் குடும்பத்துக்கே பைத்தியமா? தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் விட முடியுமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குப் பைத்தியம் இல்லை. உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தின் மற்ற எல்லா வரிகளுக்கும் அடியில் அந்தப் பயம்தான் ஓடுகிறது.

உங்களுக்கு இருப்பது தோலைக் கிள்ளும் கோளாறு. மருத்துவர்களுக்கு இது நீண்ட காலமாகத் தெரிந்த ஒன்று. ஈராஸ்மஸ் வில்சன் என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவர் 1875-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனாலும் வெகுகாலம் இதைக் ‘கெட்ட பழக்கம்’ என்றே ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2013-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் முடி பிடுங்குவதும் தோலைக் கிள்ளுவதும் ஒரே பிரிவில் இருக்கின்றன. நகம் கடிப்பது, உதட்டுத் தோலை உரிப்பது, கன்னத்தின் உட்புறத்தைக் கடிப்பது ஆகியவையும் அதே வம்சம்தான். தோலைப் புண்ணாக்கும் அளவுக்குக் கிள்ளுபவர்கள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இருக்கலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தீபாவளிக் கூட்டத்தில் உங்கள் மேசைக்கு முன்னால் ஒரு நாளில் எத்தனை பேர் பணம் கட்டிவிட்டுப் போகிறார்கள்! அவர்களில் சிலரும் உங்களைப் போலவே முழுக்கைக்குள் எதையோ மறைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

காய்ந்த பக்கை ஒருமுறையாவது பிய்க்காத மனிதர் இல்லை. அது நோய் ஆகாது. தோல் புண்ணாகிறது, விட நினைத்துப் பலமுறை தோற்றாகிவிட்டது, மனம் வேதனைப்படுகிறது அல்லது அன்றாட வாழ்க்கை சுருங்குகிறது என்னும் மூன்றும் சேரும்போதுதான் மருத்துவர்கள் இதை நோய் என்கிறார்கள். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. ஆகவே ‘மனதை அடக்கு’ என்ற அறிவுரையோடு உங்களை அனுப்பிவைக்க மாட்டேன். மன உறுதி இல்லாதவரா நீங்கள்? பண்டிகைக் காலத்தில் நாள் முழுக்கக் கூட்டத்தைச் சமாளித்து, கணக்கில் ஒரு ரூபாய் பிசகாமல் பில் போட்டுவிட்டு வீடு திரும்புகிறவர். குறை உறுதியில் இல்லை.

நீங்கள் அறியாமலே கடிதத்தில் இரண்டு விதமான கிள்ளலை விவரித்திருக்கிறீர்கள். ‘விரல் அங்கே போய்விடுகிறது’ என்பது ஒன்று. கடையில் கூட்டம் குறைந்த மதிய நேரத்திலோ, பஸ்ஸிலோ, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதோ கை தானாக நடந்து போகும். ஈரம் பட்டபிறகுதான் ரத்தம் வந்ததே தெரியும். இரவில் கண்ணாடி முன்னால் நடப்பது இன்னொன்று. அங்கே உங்களுக்கு முழு நினைவு இருக்கிறது. ஒரு சின்ன மேடு தட்டுப்படுகிறது, ‘இதை மட்டும் எடுத்துவிட்டால் தோல் மழமழப்பாகிவிடும்’ என்று மனம் சொல்கிறது, உடம்புக்குள் ஒரு இறுக்கம் ஏறுகிறது. எடுத்ததும் இறுக்கம் தளர்கிறது. அந்தச் சில நொடி நிம்மதிதான் இந்தப் பழக்கத்துக்குக் கிடைக்கும் கூலி. அதன்பின் வெட்கம் வருகிறது. வெட்கம் மறுபடி இறுக்கமாகிறது. மறுநாள் இரவு மறுபடி கண்ணாடி. இடையில் பக்குக் கட்டிய இடம் புதிய மேடாகி, விரலுக்குப் புதிய வேலையையும் தயார் செய்துவைக்கிறது.

இதனால்தான் அம்மாவின் அடி பலிப்பதில்லை. அடி வெட்கத்தைக் கூட்டுகிறது, கூடின வெட்கம் கையைக் கூப்பிடுகிறது. இந்தப் பகுதியை அம்மாவிடமே வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, உங்கள் மகள் வேண்டுமென்றே உடம்பைக் கெடுத்துக்கொள்ளவில்லை. பதற்றத்தைத் தணிக்க அவருடைய கை கற்றுக்கொண்ட வழி அது. தவறான வழிதான், ஆனால் இத்தனை வருடம் அவருக்கு அது ஒரு வேலையைச் செய்து கொடுத்திருக்கிறது. ‘நோண்டாதே’ என்ற சொல்லை வீட்டில் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக நீங்கள் இருவரும் பேசி ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கை போவதைப் பார்த்தால் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். டம்ளரைப் பிடித்த கை கிள்ளாது, தம்பி முன்னால் அவமானமும் இல்லை. அவர் இந்த அடையாளம் வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் முகத்தைத் திருப்பித் திருப்பிப் புதிய புண் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள்.

இப்போது அந்தக் களிம்பு. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். போட்டால் பளிச்சென்று இருக்கிறது, நிறுத்தினால் சிவந்து எரிகிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று வலுவாகச் சந்தேகப்படுகிறேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த வகைக் களிம்புகள் கைமாறுவதும், முகம் வெளுக்கும் என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் பூசுவதும் நம் ஊரில் பெரிய தொல்லை. தொடர்ந்து பூசினால் முகத்தோல் மெலியும், நரம்பு நரம்பாகச் சிவப்புக் கோடுகள் தெரியும், பருக்கள் வெடித்துக் கிளம்பும். அந்தப் பருக்கள் உங்கள் விரலுக்கு இன்னும் கொஞ்சம் தீனி. தோல் மருத்துவரிடம் அந்தக் குழாயையே எடுத்துப்போய்க் காட்டுங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார், ஏனென்றால் திடீரென்று விட்டால் நீங்கள் பார்த்த அதே எரிச்சல் சில வாரம் கூடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் புண்ணில் வேண்டாம்.

தோல் மருத்துவரை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிள்ளுவதற்கு முன்னால் அரிக்கிறதா என்று அவர் கேட்பார். சிரங்கு, வியர்க்குரு, பூஞ்சைத் தொற்று, தலையில் பொடுகு ஆகியவை இருந்தால் அவற்றுக்கு மருந்து கொடுத்தாலே பாதிப் பாரம் இறங்கும். கடலோரத்துப் புழுக்கத்தில் முழுக்கைக்குள் நாள் முழுக்க வியர்த்தால் வியர்க்குரு வராமல் எங்கே போகும்? மறைப்பதற்குப் போட்ட துணியே கிள்ளுவதற்கு மேடுகளை உண்டாக்குகிறது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இவற்றாலும் உடம்பு அரிக்கலாம் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கக்கூடும். மறுக்காமல் செய்துகொள்ளுங்கள்.

ஊக்கை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். மற்றவை மெதுவாக வரட்டும், இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஊக்கு ஆழமாகப் போகும், கிருமியை உள்ளே கொண்டுபோகும், மேலோட்டமான புண்ணைக் குழித் தழும்பாக்கிவிடும். வீட்டில் இருக்கும் ஊக்குகளையும் பிளக்கரையும் ஒரு டப்பாவில் போட்டு அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். சேலைக்குக் குத்த வேண்டியபோது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே உள்ள புண்களைச் சோப்புத் தண்ணீரால் மென்மையாகக் கழுவி, மெல்லிய படலமாக வாசலின் பூசி, மேலே பிளாஸ்திரி ஒட்டுங்கள். ஈரம் காக்கப்பட்ட புண் தடித்த பக்குக் கட்டாமல் ஆறும். பக்கு இல்லாவிட்டால் பிய்க்க ஒன்றும் இல்லை, வழுக்கும் தோலில் நகத்துக்கும் பிடி கிடைக்காது. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சூடாக வீங்கினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். 1973-இல் நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ‘பழக்கத்தைத் திருப்பும் பயிற்சி’ ஒன்றை வெளியிட்டார்கள். தோலைக் கிள்ளுதல், முடி பிடுங்குதல், நகம் கடித்தல் எல்லாவற்றுக்கும் இன்றுவரை உளவியல் சிகிச்சையின் முதுகெலும்பு அதுதான். அதன் தொடக்கம் கையைத் தடுப்பதில் இல்லை, கவனிப்பதில் இருக்கிறது.

முதல் வாரம் கிள்ளுவதை நிறுத்த முயலவே வேண்டாம். பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் போதும். கை போன ஒவ்வொரு முறையும் எத்தனை மணி, எங்கே இருந்தீர்கள், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, விரல் எதைத் தேடியது என்று ஓரிரு சொற்களில் குறியுங்கள். ‘மதியம் மூன்று, கவுன்டர், சும்மா இருந்தேன், முழங்கை மேடு’ என்பது போல. எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து வருந்துவதற்காக இதைக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் படித்தால் உங்கள் கை எந்த நேரங்களில், எந்த இடங்களில், எந்த மனநிலையில் கிளம்புகிறது என்பது தெரிந்துவிடும். கிள்ளலுக்கு முன்னால் வரும் சின்ன அசைவும் பிடிபடும். அநேகமாக விரல் நுனி முதலில் தோலின்மேல் தடவிப் பார்க்கும், மேடு தேடும். அந்தத் தடவல்தான் நீங்கள் பிடிக்க வேண்டிய இடம். கிள்ள ஆரம்பித்த பிறகு நிறுத்துவது கடினம், தடவும்போது நிறுத்துவது அவ்வளவு கடினம் இல்லை.

இரண்டாம் வாரத்திலிருந்து, தடவல் தெரிந்ததும் இரண்டு கைகளையும் லேசாக முஷ்டி பிடித்து மடியில் வையுங்கள். ஒரு நிமிடம், முடிந்தால் இரண்டு நிமிடம். கடையில் என்றால் பேனாவையோ கால்குலேட்டரையோ இறுகப் பிடித்துக்கொள்ளலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பால் பொங்குவது போல உந்துதல் விறுவிறுவென்று மேலே வரும், அப்படியே வழிந்துவிடும் என்று தோன்றும். கையை முஷ்டியில் வைத்தபடி மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டு காத்திருங்கள், இறங்கும். முதல் சில தடவை இறங்குவதற்குள் தோற்றுப்போகலாம். தோற்ற தடவையையும் புத்தகத்தில் எழுதுங்கள்.

ஆனால் முஷ்டி மட்டும் எல்லோருக்கும் போதாது. விரல் எதையோ தேடுகிறது என்று சொன்னேனே, அதற்கு நிகரான ஒன்றை அதற்குக் கொடுக்க வேண்டும். உரிப்பதில் சுகம் காண்கிற விரலா? பூண்டு உரிக்கட்டும், வேர்க்கடலை உடைக்கட்டும், பச்சைப் பட்டாணி உரிக்கட்டும், புளியில் கொட்டையும் நாரும் எடுக்கட்டும். இவை நம் வீடுகளில் மாலை வேளைகளில் நடக்கிற வேலைகள்தான், தொலைக்காட்சி பார்த்தபடி செய்யலாம். சொரசொரப்பைத் தடவுகிற விரலா? ருத்திராட்சமோ மணிகள் கோத்த வளையலோ கையில் இருக்கட்டும். நுணுக்கமாக எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்று துறுதுறுக்கிற விரலா? பூக்கட்டுவதைப் போல அதற்கு நல்ல வேலை கிடையாது. இரண்டு கையும் வேண்டும், கண்ணும் வேண்டும், கை காலியாகும் இடைவெளியே இல்லை. உதிரி மல்லிகை ஒரு ஆழாக்கு வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நிற்கிற அந்த இரவு நேரத்தில் உட்கார்ந்து கட்டிப் பாருங்கள். எனக்கு இந்த வழியில் நம்பிக்கை அதிகம். ஆனாலும் ஒரு எச்சரிக்கை: சிலருக்கு உரிக்கிற வேலையே ஆசையைத் தூண்டிவிடும். உங்களுக்கு அப்படித் தோன்றினால் பூண்டை விட்டுவிட்டுப் பூவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் இரவின் ஆபத்து அந்த பீரோக் கண்ணாடியும் அதன்மேல் விழும் டியூப்லைட் வெளிச்சமும்தான். ஒரே அறையில் மூன்று பேர் புழங்கும் வீட்டில் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்வது நடக்காத காரியம். ராத்திரி மட்டும் ஒரு பழைய துண்டைக் கண்ணாடிமேல் தொங்கவிடுங்கள். பல் துலக்கி முகம் கழுவியதும் டியூப்லைட்டை அணைத்துவிட்டு மங்கல் விளக்குக்கு மாறுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு படுத்தால் விரல் நுனிக்குத் தொடு உணர்ச்சி மங்கும், மேடு அகப்படாது. வேலைக்குப் போகும்போதும் ஒரு விரலில் அது இருக்கலாம், கேட்டால் காகிதம் கீறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளுங்கள். இவை எல்லாம் சின்னத் தடைகள்தான். கைக்கும் தோலுக்கும் இடையில் பத்து நொடி தாமதத்தை உண்டாக்கும். அந்தப் பத்து நொடியில்தான் உங்களுக்கு நினைவு வரும்.

தீபாவளி, பொங்கல் போன்ற கடைக் காலங்களில் தூக்கம் குறையும்போது இது கூடும், எதிர்பாருங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் பலருக்குக் கூடுகிறது. கூடினால் எல்லாம் வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்தக் கோளாறு அலை அலையாகவே குறையும். ‘இனி ஒருபோதும் கிள்ள மாட்டேன்’ என்று சாமி முன்னால் சத்தியம் செய்யாதீர்கள். சத்தியம் உடைந்த அன்று வருகிற குற்ற உணர்ச்சி உங்களை நேராகக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்.

இந்தப் பயிற்சியைத் தனியாகவும் தொடங்கலாம். ஆனால் பத்து வருடத்துக்கு மேலான பழக்கம், இரவில் ஒரு மணி நேரம், அழுகை என்றெல்லாம் எழுதியிருப்பதால் நீங்கள் ஒரு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்க்க வேண்டும் என்பதே என் முடிவு. தொலைவு ஒரு தடையில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்கள் பகுதியிலேயே இருக்கிறது. தோல் பிரிவும் மனநலப் பிரிவும் அங்கே ஒரே வளாகத்தில் உண்டு. புறநோயாளிச் சீட்டுப் போடும்போது ‘தோல்’ என்று சொல்லிப் போனால் தெருவில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்பும்படி மருத்துவரிடமே கேட்கலாம். உள்ளே போனதும் ‘தோலில் புண்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கூட்டத்தில் மருத்துவருக்கு நேரம் குறைவு. ‘நானே கிள்ளுகிறேன், நிறுத்த முடியவில்லை, பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது’ என்ற மூன்றையும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். வாய் வராவிட்டால் எழுதி நீட்டுங்கள். உங்கள் குறிப்புப் புத்தகமும் கையில் இருக்கட்டும்.

அவர் மனச்சோர்வு, பதற்றம், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) இருக்கின்றனவா என்று பார்ப்பார். இவை இந்தப் பழக்கத்தோடு அடிக்கடி சேர்ந்து வருபவை. இருந்தால் செரட்டோனின் சார்ந்த மாத்திரைகள் கொடுக்கலாம், சில வாரங்கள் கழித்தே பலன் தெரியும். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தைத் தோல் கிள்ளுபவர்களுக்குக் கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. மருந்தைச் சாப்பிட்டு ஆய்வை முடித்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம் இருந்தது, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான். சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் பலிக்கும் என்று இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், களிம்பில் பட்டது போதும். மருந்து எதுவாக இருந்தாலும் பயிற்சிக்குத் துணையாகவே வரும்.

கீழ்ப்பாக்கம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரே, அந்தப் பெயரை வசவாக்கியதில் எத்தனை பேர் சிகிச்சையே எடுக்காமல் அழிந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது. 1794-இல் தொடங்கி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இந்த ஊரின் மனிதர்களைக் கவனித்துவரும் அரசு மனநல மருத்துவமனை அது. காலையில் வந்து மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் அங்கே ஏராளம். உங்களுக்கு அங்கே படுக்கவேண்டிய தேவை எதுவும் இல்லை. மருத்துவர் அனுப்பினால் தயங்காமல் போய் வாருங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. நேரில் போக மனம் வராத இரவுகளில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் அன்று விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

தம்பியின் நகம் கடிப்பதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. ரத்தம் வரும் அளவுக்குக் கடிக்காதவரை, நகத்தை ஒழுங்காக வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், அவனும் இதே முஷ்டிப் பயிற்சியைச் செய்யலாம். வேப்பிலையை அரைத்துத் தடவுவதாக இருந்தால் அவன் சம்மதித்துத் தடவட்டும், கசப்பு ஒரு நினைவூட்டலாக உதவும். தண்டனையாகத் தடவினால் கையைக் கழுவிவிட்டுக் கடிப்பான்.

அந்த ஏழு வயதுக் குழந்தையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிடுங்கிய முடியை வாயில் வைக்கிறாளா, விழுங்குகிறாளா என்று அவள் அம்மாவைக் கவனிக்கச் சொல்லுங்கள். விழுங்கிய முடி செரிக்காது. வயிற்றில் பந்தாகத் திரண்டு அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும். வயிற்றுவலி, வாந்தி, சாப்பாடு இறங்காமை இருந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டாலும் பள்ளியிலோ வீட்டிலோ அவளுக்கு என்ன நெருக்கடி என்று யாராவது மடியில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். மொட்டை போட்டால் சரியாகிவிடும் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். முடி வளர்ந்ததும் பழக்கமும் திரும்பும், பள்ளியில் கேலி மட்டும் மிச்சமாகும்.

கடைசியாகத் தை மாதம். அதற்குள் முற்றிலும் விட்டுவிட முடியுமா என்று கேட்டால், முடியும் என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில மாதங்களில் நன்றாகக் குறைக்க முடியும். புண்கள் ஆறும், கருந்தழும்புகள் மங்க இன்னும் மாதங்கள் ஆகும். நம் தோல் நிறத்துக்குத் தழும்பு கறுத்துத்தான் மங்கும், அதற்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்வதே பெரிய மருந்து. தை மாதத்தை ஒரு கெடுவாக மனதில் வைத்திருப்பதுதான் இப்போது உங்கள் கையை விரட்டுகிறது என்று நினைக்கிறேன். தேதி நெருங்க நெருங்கப் பதற்றம், பதற்றம் ஏற ஏறக் கிள்ளல். அம்மாவிடம் சொல்லிப் பெண் பார்க்கும் நாளைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவையுங்கள். முடியாவிட்டால் அப்படியே நடக்கட்டும். முதல் நாளே கூடத்தில் பத்துப் பேர் முன்னால் கையைக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஆனால் இரண்டு பக்கமும் பிடித்துப்போய் நிச்சயதார்த்தம் வரை வந்தால், அதற்கு முன் அந்தப் பையனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தரகர் வழியாகவும் வேண்டாம், பெரியவர்கள் வழியாகவும் வேண்டாம். வாழ்நாள் முழுக்க முழுக்கைக்குள் ஒளிந்துகொண்டு ஒருவரோடு குடும்பம் நடத்த முடியாது, அந்த ஒளிதலே பழக்கத்தை வளர்க்கும். ‘பதற்றம் வந்தால் தோலைக் கிள்ளுகிற கோளாறு எனக்கு இருக்கிறது. சிகிச்சை எடுக்கிறேன், குறைந்துவருகிறது. தழும்பு இருக்கிறது. தொற்றுநோய் கிடையாது’ என்று சொன்னால் போதும். அழாமல், மன்னிப்புக் கேட்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வருமா என்று அவர் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. குடும்பங்களில் இந்தப் போக்கு ஓரளவு தொடர்கிறது, வந்தே தீரும் என்று கிடையாது, வந்தாலும் சிறு வயதிலேயே கண்டு சரிசெய்ய உங்களைவிடத் தெரிந்த தாய் இருக்க மாட்டார் என்று பதில் சொல்லலாம். இதைக் கேட்டு அவர் விலகிப்போனால், நிச்சயத்துக்கு முன்னாலேயே தெரிந்ததற்கு உங்கள் அம்மா வருத்தப்பட வேண்டாம்.